ரபாமைசின் வந்த வழி

ஈஸ்டர் தீவு மக்கள் அன்று வெறுங்காலோடுதான் நடந்தார்கள். தீவெங்கும் குதிரைகள் திரிந்தன. குதிரைச் சாணம் விழுகிற மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். காலில் கீறல் பட்டவருக்கு ரண ஜன்னி வந்தாக வேண்டும். அங்கே அது அரிதாகவே வந்தது. ஹங்கேரியில் பிறந்து மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் நோக்ராடி என்ற நுண்ணுயிரியலாளருக்கு இந்தக் கணக்கு உதைத்தது. தீவை 67 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் மண் அள்ளிக் குப்பிகளில் அடைத்துக்கொண்டார்.

மருத்துவர்களும் விஞ்ஞானிகளுமாகச் சுமார் 40 பேர் கொண்ட குழுவோடு அவர் வந்திருந்தார். தலைவர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி ஸ்கோரினா. 1964 நவம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் கேப் ஸ்காட் என்ற கடற்படைக் கப்பலில் ஏறி, டிசம்பரில் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். சிலி நாடு அங்கே விமான நிலையம் கட்டப்போகிறது, அதற்குப் பிறகு வெளியுலகம் உள்ளே வந்துவிடும்; அதற்குமுன் அங்குள்ள ஒவ்வொருவரையும் சோதித்து, ரத்தம், நோய், வம்சம், உணவு எல்லாவற்றையும் பதிந்துவைக்க வேண்டும் என்பது திட்டம். தீவின் மக்கள்தொகை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

தங்களை ரபா நுயி என்று அழைத்துக்கொள்ளும் அந்த மக்கள் அப்போது சிலிக் கடற்படையின் அதிகாரத்தின்கீழ் வாழ்ந்தார்கள். ஓட்டுரிமை கிடையாது, நினைத்தபோது தீவைவிட்டுப் போகவும் முடியாது. கனடாக்காரர்கள் இறங்கிய அதே வாரங்களில் அல்ஃபோன்சோ ராபு என்ற இளம் பள்ளி ஆசிரியரின் தலைமையில் மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1966இல் சிலி அவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை இயற்றியது. ஊசியும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் இந்தக் கிளர்ச்சியின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும் மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதர்களை விட்டுவிடுகின்றன.

மண் குப்பிகள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. 1969இல் அவை மாண்ட்ரியலில் இருந்த அயர்ஸ்ட் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குக் கை மாறின. செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகம் 1943இல் மண் பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்த நாளிலிருந்து மருந்து நிறுவனங்கள் எல்லாம் மண் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தன. அயர்ஸ்டில் குளோட் வெசினாவும் சுரேன் சேகலும் அந்த வேலையைச் செய்துவந்தார்கள்.

சேகல் 1932இல் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் குஷாப் பகுதியில் பிறந்தவர். பிரிவினைக்குப் பிறகு குடும்பம் டெல்லிக்கு வந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் முனைவர் பட்டம் வாங்கி, கனடாவுக்குப் போய் அயர்ஸ்டில் சேர்ந்தவர். தீவு மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் என்ற பாக்டீரியா இருந்தது. அது சுரந்த ஒரு பொருள் பூஞ்சைகளை வளரவிடாமல் நிறுத்தியது. கேண்டிடா போன்ற பூஞ்சைகளிடம் நன்றாகவே வேலை செய்தது. 1972இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். தீவின் ரபா நுயி என்ற பெயரையே சேர்த்து ரபாமைசின் என்று பெயரிட்டார்கள். 1975இல் முதல் கட்டுரை வந்தது. மண் ஈஸ்டர் தீவிலிருந்து வந்தது என்ற குறிப்பு அதில் உண்டு. அந்த மண்ணைக் கொண்டுவந்த பயணக் குழுவின் பெயர் இல்லை.

பூஞ்சை மருந்தாகவே அது கடைக்கு வந்திருக்க வேண்டியது. தடுத்தது ஒரு பக்கவிளைவு. ரபாமைசின் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கியது. பூஞ்சைத் தொற்று வந்தவரின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிற மருந்தை யார் வாங்குவார்கள்? ஆனால் அந்தப் பக்கவிளைவை அளந்து 1977இல் அயர்ஸ்ட் ஆய்வகத்தார் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. ரபாமைசின் கதையில் எல்லோரும் விரும்பிச் சொல்வது பின்னால் வரும் குளிர்பெட்டிப் படலத்தை. என்னைக் கேட்டால் இந்த 1977 கட்டுரைதான் முக்கியமானது.

அதில் எலிகளுக்குச் செயற்கையாக ஒரு மூளை அழற்சியை உண்டாக்கினார்கள். நரம்புத் திசுவின் சாற்றை ஊசியில் ஏற்றினால் எலியின் எதிர்ப்பு செல்கள் அதை அந்நியன் என்று பழகிக்கொண்டு, பிறகு எலியின் சொந்த மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கக் கிளம்பும். நரம்புகளின் மேலுறை சிதையும், கால் இழுத்துக்கொள்ளும். மனிதர்களுக்கு வரும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயைப் படிக்க இன்றும் பயன்படும் மாதிரி இது. ரபாமைசின் கொடுத்த எலிகளுக்கு அந்த நோய் வரவேயில்லை. மூட்டுவாதத்துக்கான இன்னொரு மாதிரியிலும் அப்படியே. ஆக, இந்த மருந்து மூளை அழற்சியைத் தொட்டது நேற்று இன்றல்ல. உறுப்பு மாற்றுக்கும், புற்றுநோய்க்கும், முதுமை ஆராய்ச்சிக்கும் போவதற்கு முன்பே அது அந்த இடத்துக்குப் போய் வந்துவிட்டது. நிறுவனத்துக்கு அது பூஞ்சை மருந்தின் குறையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

சேகல் விடவில்லை. கொஞ்சம் எடுத்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்பினார். கட்டிகளின் வளர்ச்சியை அது தடுத்தது என்று பதில் வந்தது. அதற்குள் அயர்ஸ்ட் மாண்ட்ரியல் ஆய்வகத்தை மூட முடிவெடுத்தது. 1983இல் சிலர் மட்டும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கு மாற்றப்பட்டார்கள். பயனில்லாத பொருட்களை அழித்துவிடச் சொன்னார்கள். சேகல் கடைசியாக ஒரு பெரிய தொகுதியைத் தயாரித்து வீட்டுக்கு எடுத்துப் போனார். ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, சாப்பிடாதீர்கள் என்று எழுதி ஒட்டி, வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். வீடு மாறும்போது உலர்பனிக்கட்டி வைத்து அதையும் கூடவே கொண்டுபோனார்.

சில ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. 1987இல் அயர்ஸ்ட், வயத் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. புதிய மேலாளர்களிடம் சேகல் மறுபடி பேசினார். இந்த முறை காதில் விழுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணிலிருந்து எடுத்த, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஒரு புதிய பொருள் அப்போது பேசப்பட்டது. இன்று டாக்ரோலிமஸ் என்ற பெயரில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் விழுங்குவது அதைத்தான். அதன் அமைப்பைப் பார்த்தால் ரபாமைசினின் சாயல். கேம்பிரிட்ஜில் ராய் கால்னும், ஸ்டான்ஃபோர்டில் ராண்டல் மாரிஸும் 1989இல் விலங்குகளில் உறுப்பு மாற்றுக்கு ரபாமைசினைச் சோதித்து, மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமல் அது பார்த்துக்கொள்கிறது என்று எழுதினார்கள். பூஞ்சை மருந்தில் குறையாக இருந்தது இங்கே தேவையான குணம் ஆகிவிட்டது. 1999 செப்டம்பரில் அமெரிக்க அரசு சிறுநீரக மாற்றுக்கு அதை அனுமதித்தது. மருந்துச் சீட்டில் அதற்குச் சிரோலிமஸ் என்று பெயர்.

அதற்கு முந்தைய ஆண்டு சேகலுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருப்பது தெரிந்தது. மருத்துவர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கை தரவில்லை. அவர் தன் மருந்தைத் தானே எடுத்துக்கொண்டார். கெடுவைத் தாண்டியும் வாழ்ந்தார். உண்மையில் மருந்துதான் காப்பாற்றுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கட்டத்தில் அதை நிறுத்திப் பார்த்தார் என்றும், புற்று திரும்பியது என்றும் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். 2003 ஜனவரியில் இறந்தார். ஒரே ஒரு நோயாளி, ஒப்பிட இன்னொருவர் இல்லை. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

இந்த மருந்து நம் ஊர்க்காரர்கள் பலரின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தால், அதைச் சுற்றிச் செல்கள் வளர்ந்து மீண்டும் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து ஸ்டென்டில் பூசியிருந்தது சிரோலிமஸ்தான். 2017 பிப்ரவரியில் இந்திய அரசு இந்த வகை ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தபோது, அது பசிபிக் தீவு ஒன்றின் மண்ணில் பிறந்த பொருளின் விலையும்கூட என்று எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை.

தீவுக்கு இதில் ஒன்றும் போகவில்லை. ஒரு நாட்டின் உயிர்வளத்தை எடுப்பவர் அந்த நாட்டைக் கேட்டு, பலனில் பங்கு தர வேண்டும் என்று சொல்லும் உலக ஒப்பந்தம் 1992இல்தான் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் நகோயா நெறிமுறை 2010இல். 1965இல் எடுத்த மண்ணை அவை தொடாது. தீவின் ரானோ காவ் எரிமலை வாய்க்கு அருகே, ரபாமைசின் தந்த மண் எடுக்கப்பட்டதை நினைவுகூரும் பலகை ஒன்று இருக்கிறது. 2000இல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் வைத்தது. எழுதியிருப்பது போர்ச்சுகீசிய மொழியில். தீவில் பேசுவது ரபா நுயியும் ஸ்பானிஷும்.

மருந்து என்ன செய்கிறது என்பது தெரிந்த பிறகும் எப்படிச் செய்கிறது என்பது புதிராகவே இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோ ஹைட்மன், ராவ் மோவ்வா, மைக்கேல் ஹால் மூவரும் ஈஸ்டைக் கையில் எடுத்தார்கள். ரபாமைசினைப் போட்டால் ஈஸ்ட் வளராது. அப்படியும் வளர்கிற ஈஸ்டுகளைத் தேடி, அவற்றில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். 1991இல் இரண்டு மரபணுக்கள் அகப்பட்டன. 1994இல் அவை தயாரிக்கும் புரதம் பாலூட்டிகளின் செல்லிலும் இருப்பதைப் பல குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அதுதான் எம்டார். மருந்தின் பெயரை வைத்தே, மருந்து போய்த் தொடும் இலக்கு என்ற பொருளில் புரதத்துக்குப் பெயர் வந்தது.

உணவு இருக்கிறதா, அமினோ அமிலம் போதுமா, இன்சுலின் வந்திருக்கிறதா என்ற செய்திகள் எல்லாம் செல்லுக்குள் எம்டாரிடம்தான் வந்து சேரும். எல்லாம் இருந்தால் புரதம் தயாரி, வளர், பிரி என்று அது கட்டளையிடும்; கூடவே ஆட்டோஃபேஜியை நிறுத்திவைக்கும். செல் தன் உள்ளே பழுதானவற்றை ஒரு சவ்வுப் பையில் சுற்றி, செரிக்கும் அறைக்குத் தள்ளி, உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்வதுதான் ஆட்டோஃபேஜி. கையில் காசு தாராளமாக இருக்கும்போது பரணில் கிடக்கும் ஓட்டைப் பித்தளையை யாரும் நினைப்பதில்லை; முடை வந்த மாதத்தில்தான் அதை இறக்கிப் போட்டுக் காசாக்கத் தோன்றும். ரபாமைசின் செய்வது இதுதான்: செல்லுக்குள் உணவு நிறைய இருக்கும்போதே எம்டாரின் வாயை அடைத்து, முடை வந்துவிட்டதாக அதை நம்பவைக்கிறது.

இதை நேரடியாகக் காட்டியவர்களில் யோஷினோரி ஓசுமியின் குழுவும் ஒன்று. ஆட்டோஃபேஜி என்ற பெயரை 1963இலேயே பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவ் வைத்துவிட்டார். ஆனால் அதை நடத்தும் மரபணுக்கள் எவை என்று யாருக்கும் தெரியாது. ஓசுமி 1988இல் டோக்கியோவில் சிறிய ஆய்வகம் ஒன்றைத் தொடங்கியபோது ஆளில்லாத துறையாகப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தார். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். செரிக்காத உருண்டைகள் சேர்ந்து உள்ளே துள்ளிக்கொண்டிருந்தன. 1993இல் அந்த வேலைக்குத் தேவையான 15 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். 1998இல் நோடாவும் ஓசுமியும், பட்டினி போடாத ஈஸ்டுக்கு ரபாமைசின் கொடுத்தாலே ஆட்டோஃபேஜி தொடங்கிவிடுவதைக் காட்டினார்கள். ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளைக்காரர்கள் இதைக் கவனித்ததற்குக் காரணம் உண்டு. தோல் செல்லும் குடல் செல்லும் பழசாகிக் கழன்று விழும், புதியது வரும். நரம்பு செல்லுக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலானவை நம் வாழ்நாள் முழுக்க அதே செல்கள்தான். உள்ளே சேரும் குப்பையை அகற்ற ஆட்டோஃபேஜியை விட்டால் வழி குறைவு. 2006இல் ஜப்பானின் இரண்டு குழுக்கள், மூளையில் மட்டும் ஆட்டோஃபேஜி மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கின. வேறு எந்த நோய் மரபணுவும் இல்லாமலே அவற்றின் நரம்பு செல்களில் புரதக் கட்டிகள் சேர்ந்தன, நடை தடுமாறியது. அதற்குச் சற்று முன்பே, கேம்பிரிட்ஜில் பிருந்தா ரவிகுமாரும் டேவிட் ரூபின்ஸ்டைனும் 2002இல் செல்களிலும், 2004இல் ஈக்களிலும் எலிகளிலும் ஹன்டிங்டன் நோயின் புரதக் கட்டிகளை ரபாமைசின் வகை மருந்துகள் குறைப்பதைக் காட்டியிருந்தார்கள்.

கட்டுரைகளைப் படித்தால் இனி மாத்திரை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று தோன்றும். ஆனால் வாயில் போட்ட மாத்திரை மூளைக்குப் போக வேண்டுமே.

பால் எர்லிக் 1885இல் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது உடலெல்லாம் நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயம் பிடிக்காது என்று அவர் நினைத்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரிலேயே செலுத்தினார். இப்போது மூளை நீலமானது, உடல் வெளுத்திருந்தது. இடையில் ஏதோ தடுக்கிறது என்பது அதில் தெரிந்தது. ஜெனீவாவில் லீனா ஸ்டெர்ன் 1921இல் அதற்கு ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயரிட்டார். பின்னர் சோவியத் ஒன்றியத்துக்குப் போய் அறிவியல் அகாடமியின் முதல் பெண் உறுப்பினரானார்; ஸ்டாலின் காலத்தில் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானார். அவருடன் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் மரண தண்டனையிலிருந்து தப்பியவர் அவர் ஒருவர்தான். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பதை 1967இல் ஹார்வர்டில் ரீஸும் கர்னோவ்ஸ்கியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். மூளையின் மயிரிழை ரத்தக்குழாய்களின் உட்புறச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. மற்ற உறுப்புகளில் இருப்பதுபோல இடுக்கு விடுவதில்லை. எதுவாக இருந்தாலும் செல்லின் வழியாகவே நுழைய வேண்டும். சிறியதாக, கொழுப்பில் கரைவதாக இருந்தால் வழி உண்டு. ரபாமைசின் கொழுப்பில் கரையும், ஆனால் பெரியது. மூலக்கூறு எடை 914. சுவரைச் சுலபமாகக் கடக்கும் மருந்துகள் பெரும்பாலும் 400க்குக் கீழே இருக்கும்.

எடை மட்டும் தடையில்லை. சுவரின் செல்களில் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு இருக்கிறது. உள்ளே நுழைந்த அந்நியப் பொருளைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளும். இதன் வலிமை ஆம்ஸ்டர்டாமில் தற்செயலாகத் தெரியவந்தது. அந்தப் பம்பின் மரபணுவை நீக்கிய எலிகளுக்கு உண்ணி பிடித்தது. வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகாத அந்த மருந்தில் இந்த எலிகள் செத்து விழுந்தன. மருந்து தடையின்றி மூளைக்குள் போய்விட்டது என்று ஷின்கெல் குழு 1994இல் எழுதியது. ஐவர்மெக்டினும் ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸின் சரக்கிலிருந்து வந்தது. ரபாமைசினுக்குப் பங்காளி முறை. அதே பம்பு ரபாமைசினையும் வெளியே தள்ளுகிறது.

ஆனாலும் கொஞ்சம் போகிறது. டியூபரஸ் ஸ்க்லரோசிஸ் என்ற பிறவி நோயில் எம்டாரை அடக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்று கெட்டிருக்கும். எம்டார் ஓயாமல் ஓடி மூளையில் கட்டிகள் வளரும், வலிப்பு வரும். 2006இல் சின்சினாட்டியில் டேவிட் ஃபிரான்ஸின் குழு அப்படிப்பட்ட ஐந்து பேருக்கு ரபாமைசின் கொடுத்துப் பார்த்தது. மூளைக் கட்டிகள் சுருங்கின. மருந்தை இடையில் நிறுத்திய ஒருவருக்குக் கட்டி மீண்டும் வளர்ந்தது. மீண்டும் கொடுத்ததும் குறைந்தது. ரபாமைசினைச் சற்றே மாற்றிச் செய்த எவரோலிமஸ் 2010இல் இந்தக் கட்டிகளுக்கும், 2018இல் இந்த நோயின் வலிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளை நோய்க்கு இந்தக் குடும்ப மருந்துகள் ஐயமின்றி வேலை செய்யும் இடம் என்று இதைத்தான் சொல்வேன்.

அல்சைமர் விஷயம் அவ்வளவு நேரடியானதல்ல. அதற்கு டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்துக்குப் போக வேண்டும்.

அங்கேயும் அமெரிக்காவின் இன்னும் இரண்டு ஆய்வகங்களிலும் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்துகளை எலிகளில் சோதிக்கும் திட்டம் நடந்தது. ரபாமைசினைத் தீவனத்தில் கலந்தால் அது சிதைந்துவிட்டது. சான் அன்டோனியோவின் சவுத்வெஸ்ட் ஆராய்ச்சி நிறுவனம் அதை வயிற்றில் கரையாத உறைக்குள் அடைத்துத் தர நாளாகிவிட்டது. காத்திருந்த எலிகள் அதற்குள் 600 நாள் வயதாகிக் கிழடு தட்டிவிட்டன. சரி, கொடுத்துத்தான் பார்ப்போம் என்று கொடுத்தார்கள். 2009இல் வெளியான முடிவில், மிக நீண்ட நாள் வாழ்ந்த எலிகளைக் கணக்கிட்டபோது, பெண் எலிகளின் ஆயுள் 14 சதவீதமும் ஆண் எலிகளின் ஆயுள் 9 சதவீதமும் கூடியிருந்தது. கிழ எலிக்குக் கொடுத்தும் பலன் கிடைத்ததுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

உறை தயாராக இருந்தது, மருந்தும் ஊரிலேயே இருந்தது. அதே நகரில் வெரோனிகா கால்வனின் குழுவும் சல்வத்தோரே ஒட்டோவின் குழுவும் அல்சைமர் நோயின் மாதிரி எலிகளுக்கு அதைக் கொடுத்தன. 2010இல் இரண்டு குழுக்களும் தனித்தனியே எழுதின: மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் குறைந்தது, நினைவாற்றல் தேறியது, ஆட்டோஃபேஜி கூடியது. மறு ஆண்டே ஒட்டோவின் குழு ஒரு நிபந்தனை சேர்த்தது. படிவுகள் உருவாகும் முன் கொடுத்தால்தான் பலன். உருவான பின் கொடுத்தால் இல்லை. குப்பை கட்டியாகி இறுகிவிட்ட பிறகு ஆட்டோஃபேஜியால் அதை அள்ள முடியவில்லை என்று பொருள் கொண்டார்கள்.

கால்வன் குழு வேறு பக்கம் திரும்பியது. ஐ-லிங் லின் என்பவருடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் பார்த்தது நரம்பு செல்லையல்ல, ரத்தக்குழாயை. நோய் முற்றிய எலிகளுக்குத் தொடர்ந்து ரபாமைசின் கொடுத்தபோது மூளையின் ரத்த ஓட்டம் மீண்டது. குழாய்ச் சுவரின் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை மறுபடி சுரந்து குழாய்களை விரியவைத்தன. 2018இல் கேன்டிஸ் வான் ஸ்கைக்கும் கால்வனும் சகாக்களும் தடுப்புச் சுவரையே அளந்தார்கள். அல்சைமர் மாதிரியிலும், ரத்தக்குழாய்க் கோளாறால் அறிவு மங்கும் மாதிரியிலும் சுவர் கசிந்தது. எம்டாரைத் தணித்தபோது சுவரின் செல்களைப் பிணைக்கும் புரதங்கள் கூடின, அந்தப் பிணைப்பை அரிக்கும் நொதியின் வேகம் குறைந்தது, கசிவு நின்றது.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். மருந்தை எப்படிச் சுவருக்கு அப்பால் அனுப்புவது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மருந்து சுவரிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தத்தில் ஓடும் எதுவும் முதலில் தொடுவது அந்தச் செல்களைத்தான். அங்கே எம்டாரை அடக்க மூளைக்குள் நுழைய வேண்டியதே இல்லை.

சுவர் ஏன் முக்கியம் என்றால், அழற்சி அதன் வழியாகத்தான் மூண்டெழுகிறது. கசியும் குழாயிலிருந்து ஃபைப்ரினோஜன் போன்ற ரத்தப் புரதங்கள் மூளைத் திசுவுக்குள் வரும். அங்கே காவலிருக்கும் மைக்ரோகிளியா செல்கள் அதைக் கண்டதும் கிளர்ந்தெழுந்து அழற்சி ரசாயனங்களைக் கொட்டும். அவை சுவரை இன்னும் தளர்த்தும், இன்னும் கசியும். இந்தச் சுழலுக்குள் ஆட்டோஃபேஜிக்கும் வேலை உண்டு. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றாவிட்டால் அதிலிருந்து வெளியேறும் பொருட்களே எதிர்ப்பு செல்களின் அழற்சி இயந்திரத்தை முடுக்கிவிடும் என்று 2011இல் லோசானில் யூர்க் சோப்பின் குழு காட்டியது.

ஆகவே எம்டாரை அடக்கினால் எல்லாப் பக்கமும் நன்மைதான் என்று நினைக்கத் தோன்றும். 2022இல் சான் அன்டோனியோவிலிருந்தே வந்த மற்றொரு கட்டுரை அதைக் கெடுத்தது. அமிலாய்டு படிவை மைக்ரோகிளியா சூழ்ந்து தின்ன வேண்டுமானால் அதற்கு எம்டார் ஓட வேண்டும். மைக்ரோகிளியாவில் மட்டும் எம்டாரை முடுக்கியபோது எலிகளின் படிவுகள் குறைந்தன. ரபாமைசின் கொடுத்தபோது படிவை உணர உதவும் புரதம் குறைந்து, படிவுகள் கூடின. நரம்பு செல்லுக்கும் ரத்தக்குழாய்ச் சுவருக்கும் எம்டார் ஓய்வது நல்லது. மைக்ரோகிளியாவுக்கு அது ஓடுவது நல்லது. மாத்திரைக்கு இந்த வேறுபாடு தெரியாது. 2011இல் படிவு வருமுன், வந்தபின் என்று ஒட்டோ குழு கண்ட வேறுபாட்டையும் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு மனிதர்கள். அதே நகரில் மிட்சி கோன்சாலஸின் தலைமையில் லேசான நினைவுக் குறைவும் தொடக்கநிலை அல்சைமரும் உள்ள 10 பேருக்கு, நாளுக்கு 1 மில்லிகிராம் வீதம் 8 வாரங்கள் ரபாமைசின் கொடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுத்து, அதில் மருந்து இருக்கிறதா என்று தேடினார்கள். 2025இல் முடிவு வந்தது. அந்த நீரில் ரபாமைசின் அகப்படவில்லை. நோயையும் அழற்சியையும் காட்டும் சில குறியீடுகள் குறைவதற்குப் பதில் கூடியிருந்தன.

பத்துப் பேர், எட்டு வாரம், போலி மாத்திரை கொடுத்த ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. பாதுகாப்பைப் பார்ப்பதற்கான சிறு சோதனை. குறியீடுகள் கூடியதை வைத்துக் கெடுதி என்றும் சொல்ல முடியாது, நீரில் மருந்து இல்லாததை வைத்து வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. எலிகளுக்குக் கொடுத்த அளவு உடல் எடைக்கு ஏற்ப இதைவிட அதிகம். தினமும் நீண்டகாலம் கொடுத்தால் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாமல் போவதும், வாய்ப்புண்ணும், தொற்றும் வரும் என்பது மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களிடம் ஏற்கெனவே கண்டதுதான். எழுபது வயதுக்காரரின் எதிர்ப்பாற்றலை அடக்குவது அயர்ஸ்ட் நிறுவனம் 1977இல் கண்ட அதே பழைய குறைதான்.

ஆனால் கால்வனின் எலிகள் சொன்னது சரியானால், தண்டுவட நீரில் மருந்தைத் தேடுவது பாதிக் கேள்விதான். மருந்து ரத்தத்தின் பக்கம் நின்றபடியே சுவரைச் சரிசெய்கிறதா என்பதற்கு அந்த நீரில் பதில் கிடைக்காது. கசிவை நேரடியாகப் பார்க்க வழி இருக்கிறது. ரத்தத்தில் கடோலினியம் சாயத்தை ஏற்றி, அது மூளைத் திசுவுக்குள் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதை எம்.ஆர்.ஐ. படத்தில் கணக்கிடலாம். தென் கலிஃபோர்னியாவில் பெரிஸ்லாவ் ஸ்லோகோவிச்சின் குழு 2015இல் இப்படித்தான் வயதானவர்களின் மூளையில், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில், சுவர் முன்கூட்டியே கசியத் தொடங்குவதைப் படம் பிடித்தது. ரபாமைசின் கொடுக்கும் அடுத்த சோதனைகளில் மாத்திரைக்கு முன்னும் பின்னும் அந்தப் படத்தை எடுத்தால், எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கிறதா என்று தெரிந்துவிடும்.